ஒட்டுக்கேட்டவள்

1

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் பேசி முடித்தேன். "சரிப்பா, வெச்சுடட்டுமா" என்றார். "சரி" என்றேன். ஆனால் அவர் வைக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் கைக்கு வந்த தொடுதிரைக் கைபேசி. சிவப்பு வட்டத்தை அழுத்திவிட்டதாக நினைத்து எங்கோ மேசைமேல் போட்டுவிட்டார். நான் துண்டிக்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து என் பெயர் காதில் விழுந்தது.

"அவங்கிட்ட பேசுறதுக்கே பயமா இருக்கு. எது கேட்டாலும் சள்ளுனு விழுறான்."

"அவன் அப்படித்தாங்க. ஆபீஸ்ல என்ன தொல்லையோ. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அம்மா. பிறகு பாத்திரச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், செய்தித்தாளைப் புரட்டும் சத்தம், அப்பாவின் இருமல். மொத்தம் 11 நிமிடங்கள். நான் வைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து என் குரலை மாற்றிக்கொண்டேன். அவர் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதுபோல் பதில் சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. திருடிய பணத்தில் வாங்கிய பரிசை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் மகிழ்வதைப் பார்க்கிற மாதிரி. அவர் என்னிடம் சொல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டுதான் நான் நல்ல மகன் ஆகியிருந்தேன்.

இந்த உறுத்தலோடு இருந்தபோதுதான் 'மை மிஸ்டர்' பார்த்தேன். கொரிய மொழியில் 'நாயே அஜோஷி'. அஜோஷி என்பது நடுவயது ஆண்களைப் பொதுவாக அழைக்கும் சொல். 2018ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை டிவிஎன் அலைவரிசையில் வந்த, 16 பகுதிகள் கொண்ட தொடர். எழுதியவர் பார்க் ஹே-யங், இயக்கியவர் கிம் வோன்-சோக். பார்க்கச் சொன்ன நண்பர் "சோகமான தொடர், ஆனா பார்த்தா மனசு லேசாயிடும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். இது முழுக்க முழுக்க ஒட்டுக்கேட்பதைப் பற்றிய தொடர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பார்த்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க் டோங்-ஹுன், வயது 45, கட்டமைப்புப் பொறியாளன். சோலில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பழைய கட்டடங்களின் உறுதியைப் பரிசோதிக்கும் குழுவுக்குத் தலைவன். கல்லூரியில் அவனுக்கு ஜூனியராக இருந்த டோ ஜூன்-யங் இப்போது அதே நிறுவனத்தின் தலைமை அதிகாரி. டோங்-ஹுனின் மனைவி, வழக்கறிஞர் யூன்-ஹீக்கும் ஜூன்-யங்குக்கும் ரகசிய உறவு. வேலையில்லாத ஓர் அண்ணன், தோற்றுப்போன சினிமா இயக்குநராக ஒரு தம்பி, இருவரையும் வைத்துச் சோறு போடும் வயதான அம்மா. டோங்-ஹுன் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

அதே அலுவலகத்தில் தற்காலிக ஊழியர் லீ ஜி-ஆன். வயது 21. காது கேளாத, வாய் பேசாத, படுத்த படுக்கையான பாட்டி ஒருத்திதான் அவளுக்கு உறவு. தலைக்கு மேல் கடன். அலுவலகத்தில் வைத்திருக்கும் காப்பித்தூள் பொட்டலங்களைத் திருடிக்கொண்டு போய், இரவில் அதைக் குடித்துப் பசியை ஏமாற்றுகிறாள். கடன் வசூலிக்க வரும் குவாங்-இல் அவளை அடிக்கிறான். பள்ளி வயதில், தன் பாட்டியை அடித்துக்கொண்டிருந்த கடன்காரனை அவள் குத்திக் கொன்றிருக்கிறாள். அந்தக் கடன்காரனின் மகன்தான் குவாங்-இல்.

5 கோடி வொன் மதிப்புள்ள பரிசுச் சீட்டுகள் அடங்கிய ஒரு லஞ்ச உறை, பெயர்க் குழப்பத்தால் தவறுதலாக டோங்-ஹுனின் மேசைக்கு வருகிறது. அங்கே ஆரம்பிக்கிறது எல்லாம். டோங்-ஹுனை வேலையிலிருந்து துரத்தித் தருகிறேன் என்று ஜி-ஆன் ஜூன்-யங்கிடம் பணம் பேசுகிறாள். டோங்-ஹுனின் கைபேசியில் ஒரு செயலியைப் பதிக்கிறாள். அன்றிலிருந்து அவன் பேசுவது, மூச்சு விடுவது, நடப்பது எல்லாம் அவள் காதில்.

கேட்கக் கேட்க அவள் மாறுகிறாள். இவ்வளவுதான் கதை. இதை வாயால் சொல்லும்போது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது பாருங்கள். ஒருவரின் அந்தரங்கத்தைத் திருடியவள் அதனாலேயே நல்லவளாகிறாள் என்றால், அதை எப்படி ஒப்புக்கொள்வது? தொடர் நம்மை ஒப்புக்கொள்ள வைக்கிறது. அதை முதலில் செய்பவர்கள் இரண்டு நடிகர்கள்.

3

நடிப்பு என்றால் பொதுவாக ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்வது. எதிரில் ஆள் இருப்பார். இந்தத் தொடரின் முக்கியமான காட்சிகள் பலவற்றில் எதிரில் ஆள் இல்லை. ஐயூ (லீ ஜி-ஊன்) பேருந்திலோ, தெருவிலோ, தன் குளிர்ந்த அறையிலோ காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். அவருக்குக் கிடைப்பது ஒரு குரல் மட்டும். சில நேரம் அதுவும் இல்லை, பனியில் செருப்பு அழுந்தும் ஒலிதான். முகத்தை வைத்துக்கொண்டு எதையும் செய்யாமல், கேட்பதை மட்டும் செய்ய வேண்டும். கேட்பதை எப்படி நடிப்பது?

ஐயூ 2008இல் பாடகியாக அறிமுகமானவர். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அவருடைய கேட்டலில் ஒரு துல்லியம் இருக்கிறது. முதல் சில பகுதிகளில் அவர் கேட்பது வேலையாள் கேட்பதுபோல். பயன்படும் சொல் வருகிறதா என்று காத்திருக்கும் முகம், வராவிட்டால் சலிப்பு. நடுப்பகுதிகளில் ஒரு சின்ன மாற்றம். பயன்படாத பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதும் கருவியைக் கழற்றாமல் இருக்கிறார். சகோதரர்கள் குடித்துவிட்டு உளறுவதை, அம்மா திட்டுவதை, அவன் வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியை அழைத்து "ஏதாவது வாங்கி வரணுமா" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கழற்றவில்லை என்பதுதான் நடிப்பு.

லீ சன்-க்யூனுக்கு இதற்கு நேர்மாறான வேலை. தன்னை யாரோ கேட்கிறார்கள் என்பது தெரியாத மனிதனாக அவர் இருக்க வேண்டும். கொரியாவில் அவருடைய குரல் பிரசித்தம். அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல். 2010இல் வந்த 'பாஸ்தா' தொடரில் சமையலறையில் எல்லோர்மீதும் கத்தும் சமையல்காரராக அதே குரலை வைத்து மிரட்டியவர். 'பாராசைட்' படத்தில் அந்தக் குரலைப் பணக்காரனின் நாகரிகமான தோலாகப் போர்த்திக்கொண்டவர். 'மை மிஸ்டர்' தொடரில் அந்தக் குரலை அவர் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார். வாக்கியத்தைத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். சொல்லாமல் விட்ட பாதி பெருமூச்சாக வெளியே வருகிறது. அந்தப் பெருமூச்சு அலுவலகத்தில் யாருக்கும் கேட்காது, வீட்டிலும் கேட்காது. ஜி-ஆனுக்கு மட்டும் கேட்கிறது, நமக்கும் கேட்கிறது.

மனைவியின் உறவு தெரிந்துவிட்ட பிறகும் அவன் அதை அவளிடம் சொல்லாமல் இருக்கிற நாட்கள்தான் சன்-க்யூனின் உச்சம் என்பேன். அதே வீடு, அதே சாப்பாடு, அதே "ஏதாவது வாங்கி வரணுமா". சொற்கள் மாறவில்லை. குரலில் ஒரு இழை அறுந்திருக்கிறது. மனைவிக்கு அது தெரியவில்லை. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் கருவி மாட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தெரிகிறது. கூட இருப்பவர்கள் கேட்பதில்லை, கேட்கிறவள் கூட இல்லை. தொடரின் துயரம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

4

ஒருவரை முழுக்க அறிந்துவிட்டால் அவரை மன்னிக்க முடியும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பழமொழியாகவே வைத்திருக்கிறார்கள். தொடரிலும் டோங்-ஹுன் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறான். ஒரு மனிதரை அறிந்துவிட்டால் அவர் என்ன செய்திருந்தாலும் அது பெரிய விஷயமாகத் தெரியாது, எனக்கு உன்னைத் தெரியும் என்கிற பொருளில். ரசிகர்கள் கொண்டாடும் இடம் இது. எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் தொடரே இந்தக் கருத்தை முழுமையாக நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் குவாங்-இல்லுக்கும் ஜி-ஆனைத் தெரியும். சிறுவயதிலிருந்து தெரியும். அவள் பட்ட அடி தெரியும், ஏன் கத்தியை எடுத்தாள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தவன்தான் அவளை அடிக்கிறான். ஜூன்-யங்குக்கு டோங்-ஹுனைக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும். எங்கே தொட்டால் அவனுக்கு வலிக்கும் என்பது அத்துப்படி. அந்த அறிவை வைத்துத்தான் அவனைச் சாய்க்கப் பார்க்கிறான். நம் ஊர்க் குடும்பச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிகக் கூர்மையான சொல் மிக நெருக்கமாக அறிந்தவர் வாயிலிருந்துதான் வரும்.

ஆக, அறிவது மட்டும் போதாது. அப்படியென்றால் ஜி-ஆனுக்கு மட்டும் என்ன நடந்தது?

திருக்குறளின் அதிகார வரிசையில் ஓர் அமைப்பு உண்டு. 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். அதற்கு அடுத்ததாகவே 59ஆவது அதிகாரம் ஒற்றாடல். தாட்சண்யத்தோடு ஒருவரைப் பார்ப்பது ஒன்று, வேவு பார்ப்பது இன்னொன்று. இரண்டும் அரசனுக்கு வேண்டியவை என்றுதான் அடுத்தடுத்து வைக்கப்பட்டன, அவற்றுக்குள் வேறு ரகசியத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் 'மை மிஸ்டர்' பார்த்தபின் அந்த அடுத்தடுத்த இரண்டு தலைப்புகளும் எனக்கு வேறு மாதிரித் தெரிகின்றன. ஜி-ஆன் ஒற்றாடலில் தொடங்கிக் கண்ணோட்டத்தில் முடிக்கிறாள். வள்ளுவர் வரிசைக்குத் தலைகீழ். இரண்டிலும் பார்ப்பது, கேட்பது ஒன்றேதான். ஒற்றனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை கிடைத்ததும் அவன் கேட்பதை நிறுத்திவிடுவான். விடை கிடைத்த பிறகும் நிறுத்தாமல் இருப்பவன் ஒற்றன் இல்லை.

ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974) படம் இதற்கு மறுபக்கம். ஒலிப்பதிவு நிபுணன் ஒருவன் ஒரு ஜோடியின் உரையாடலை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்கிறான். ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறான். அந்த வாக்கியத்தில் அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதைத் தவறாகக் கேட்டுவிடுகிறான். அதனால் கொலையாளி யார், பலியாகப் போகிறவன் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. தொழில்நுட்பத்தில் அவனுக்கு நிகர் யாருமில்லை. ஆனால் அவனிடம் இருந்தது ஒரு துண்டு மட்டும். அதை நூறு முறை கேட்டாலும் அது துண்டுதான்.

ஜி-ஆன் துண்டைக் கேட்கவில்லை. நாட்கணக்கில், சலிப்பூட்டும் இடைவெளிகளோடு, ஒன்றுமே நடக்காத மணிநேரங்களோடு கேட்டாள். ஒரு மனிதன் யாரும் பார்க்காதபோதும் அதே மனிதனாக இருக்கிறான் என்பதை அறிய வேறு வழியில்லை. நல்லவர்போல் நடிப்பவர்களை அவள் நிறையப் பார்த்தவள். நான்கு முறை உதவி செய்துவிட்டு ஐந்தாம் முறை காணாமல் போகிறவர்களைப் பார்த்தவள். யாருடைய நல்ல சொல்லையும் நேருக்கு நேர் கேட்டு நம்பும் நிலையில் அவள் இல்லை.

5

அதனால்தான் ஒன்பதாம் பகுதியின் அந்தக் காட்சி அவ்வளவு பலமாக விழுகிறது. ஜி-ஆனின் கடன் எவ்வளவு என்று கேட்டு டோங்-ஹுன் குவாங்-இல்லிடம் போகிறான். இருவருக்கும் கைகலப்பு. இரண்டு பேருமே சண்டை போடத் தெரியாதவர்கள்போல் உருள்கிறார்கள். ஏன் அந்தப் பெண்ணை அடிக்கிறாய் என்று இவன் கேட்க, அவள் என் அப்பாவைக் கொன்றவள் என்று அவன் கத்துகிறான். ஒரு கணம் நிற்கிறது. பிறகு டோங்-ஹுன், நானாக இருந்தாலும் கொன்றிருப்பேன், என் குடும்பத்தை அடித்தால் நானும் கொன்றிருப்பேன் என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அவ்வளவு நேரம் பாதி வாக்கியத்தில் நின்ற குரல் முதன்முறையாக முடிவுவரை போகிறது.

தெருவில் நடந்துகொண்டே இதைக் கேட்கும் ஜி-ஆன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ஐயூ அங்கே அழுவது அழகாக இல்லை. வாய் கோணுகிறது, மூச்சு முட்டுகிறது, சிறுபிள்ளைபோல் குரல் உடைகிறது. அதுவரை அடக்கி அடக்கி வைத்த நடிப்புக்கு வட்டியும் முதலுமாகச் சேர்த்து வருகிறது அழுகை.

அந்தச் சொற்களை டோங்-ஹுன் அவளிடம் நேரில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. நேரில் சொல்லப்படும் ஆறுதலில் எப்போதும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரோ, பதிலுக்கு ஏதாவது எதிர்பார்க்கிறாரோ என்று. முதுகுக்குப் பின்னால் சொல்லப்படும் நல்ல வார்த்தையில் அந்தச் சந்தேகம் இல்லை. புறம்பேசுதல் ஏன் அவ்வளவு வலிக்கிறதோ, அதே காரணத்தால்தான் இதுவும் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. இரண்டையும் நாம் உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

ஒட்டுக்கேட்பதன் மயக்கம் இங்கேதான். உண்மை அங்கேதான் இருக்கிறது, முகத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் வேஷம் என்று நினைக்க வைத்துவிடும். என் அப்பா அந்த 11 நிமிடங்களில் அம்மாவிடம் சொன்னதுதான் உண்மை, அதற்கு முன் என்னிடம் "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்டது பொய் என்று நானும் சில நாள் நினைத்தேன். தவறு. பயத்தோடு கேட்டாலும் அவர் கேட்டது உண்மைதான். சொல்லப்போனால், பயந்துகொண்டே கேட்டார் என்பதால் அதன் மதிப்பு கூடுகிறது.

6

இந்தத் தொடர் ஒளிபரப்பான காலத்தில் கொரியாவிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 45 வயது ஆணையும் 21 வயதுப் பெண்ணையும் இப்படிச் சேர்த்து வைக்கலாமா, ஒரு பெண் இவ்வளவு கொடூரமாக அடிபடுவதைக் காட்டலாமா, அவளுடைய ஒட்டுக்கேட்டலை மென்மையாகக் காட்டலாமா என்று கேட்டார்கள். பின்னால் 2019ஆம் ஆண்டின் பேக்சாங் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை இரண்டும் இதற்குக் கிடைத்தன என்பதால் அந்தக் கேள்விகள் தீர்ந்துவிட்டதாக ஆகாது. முதல் கேள்விக்குத் தொடர் ஓரளவு பதில் சொல்கிறது. அவர்கள் காதலர்களாவதில்லை. அந்த எல்லை ஓரிரு இடங்களில் மங்குகிறது என்பது என் எண்ணம். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அடி காட்சிகளை நான் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நல்லதில் முடிந்த ஒட்டுக்கேட்டல் நல்லதா?

பதினைந்தாம் பகுதியில் டோங்-ஹுனுக்கு உண்மை தெரிகிறது. தன்னுடைய ஒவ்வொரு மூச்சையும் ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று. தன் அவமானம், மனைவியின் துரோகம், குடிபோதையில் சொன்னது எல்லாவற்றையும். அவன் கைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, எண் எதையும் அழுத்தாமல், அவளை அழைக்கிறான். ஜி-ஆன், போன் பண்ணு என்கிறான். அதுவரை அவனுக்குத் தெரியாமல் திறந்திருந்த கதவில் அவனே வந்து நின்று கூப்பிடுகிறான். இந்த இடத்தில்தான் ஒட்டுக்கேட்டல் முடிகிறது, பேச்சு ஆரம்பிக்கிறது.

இருவரும் சந்திக்கும்போது அவன் சண்டை போடவில்லை. என்னுடைய அசிங்கமான உள்ளையெல்லாம் தெரிந்தும் என் பக்கம் நின்றாயே, அதற்கு நன்றி என்கிறான். உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட என்னைப் பார்த்து நீ பரிதாபப்படுகிறாய், அதைத் தாங்க முடியாததால் நான் நன்றாக வாழ்ந்து காட்டப்போகிறேன் என்கிறான். மன்னிப்பு என்ற சொல்லைவிட இது பெரியது. ஆனால் மன்னித்தான் என்பதால் அவள் செய்தது சரியாகிவிடவில்லை. சரியாக இருந்தால் மன்னிக்க என்ன இருக்கிறது? பார்க் ஹே-யங் அதை மறக்கவில்லை. ஜி-ஆன் காவல் நிலையத்துக்குப் போகிறாள். ஒளிவதை நிறுத்துகிறாள். அவளுக்குச் சட்ட உதவிக்குத் துணை நிற்பவள் யூன்-ஹீ. தன் துரோகம் முழுவதையும் காதால் கேட்ட பெண்ணுக்குப் பக்கத்தில், அவளுடைய வழக்குக்காக உட்கார்ந்திருக்கிறாள். லீ ஜி-ஆ அந்தக் காட்சிகளில் தலையைக் குனிவதுமில்லை, நிமிர்ந்து விறைப்பதுமில்லை. அதிகம் பேசப்படாத நல்ல நடிப்பு.

குவாங்-இல்லும் அந்தப் பதிவுகளைக் கேட்கிறான். அவளை மாட்டிவைக்க எடுத்துக்கொண்டு போனவை. அதில் ஜி-ஆன் தன்னைப் பற்றிப் பேசுவது இருக்கிறது. ஒரு காலத்தில் அவன் நல்லவனாக இருந்தான், எனக்காக அவன் அப்பாவிடம் அடி வாங்கினான் என்கிறாள். பல வருடமாக வெறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன், தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்ட நல்ல வார்த்தையைக் கேட்டு உடைகிறான். ஆயுதமாகப் போன பதிவு ஆயுதமாக ஆகாமல் போகிறது. அவனே அதை டோங்-ஹுனுக்கு அனுப்பிவைக்கிறான்.

எனக்குப் புரிந்தவரை தொடர் சொல்வது இதுதான். ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்துவிட்ட ஒன்று, அது எந்த வழியாக வந்திருந்தாலும், நம்மேல் ஒரு கடனை ஏற்றிவிடுகிறது. பாதியில் நிறுத்தாமல் முழுவதையும் கேட்பது அந்தக் கடனின் முதல் தவணை. அறிந்ததை வைத்து அவருக்கு எதிராக நிற்காமல் இருப்பது இரண்டாவது. எனக்கு உன்னைத் தெரியும் என்று அவர் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்வது கடைசி, அதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஏனென்றால் அப்போது நாமும் அறியப்படுவோம்.

கடைசிப் பகுதியில் டோங்-ஹுன் தன் வீட்டில் தனியாக இருக்கிறான். மனைவி, மகன் படிக்கும் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறாள். ஜி-ஆன் வேறு ஊருக்குப் போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் திடீரென்று அழுகிறான். கைபேசியில் இப்போது எந்தச் செயலியும் இல்லை. இந்த அழுகையைக் கேட்க யாருமில்லை, நம்மைத் தவிர. 16 பகுதிகளாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது காது நம்முடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

7

இதற்கு மேல் எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்தத் தொடரைப் பற்றி இனி யாரும் எழுத முடியாது.

2023ஆம் ஆண்டின் இறுதியில் லீ சன்-க்யூன் போதைப்பொருள் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டார். பரிசோதனைகளில் எதுவும் கண்டறியப்படவில்லை. ஆனால் விசாரணை விவரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. காவல் நிலையத்துக்கு வரும்போதெல்லாம் கேமராக்களின் கூட்டம். குற்றச்சாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அவருடைய தனிப்பட்ட தொலைபேசி உரையாடலின் பதிவு தொலைக்காட்சிச் செய்தியில் ஒலிபரப்பானது. அதே குரல். டிசம்பர் 27 அன்று அவர் இறந்தார். வயது 48. அடுத்த மாதம் இயக்குநர் போங் ஜூன்-ஹோ உள்ளிட்ட கலைஞர்கள் கூடி, விசாரணை நடந்த விதத்தையும் ஊடகங்கள் நடந்துகொண்ட விதத்தையும் கேள்வி கேட்டார்கள்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது எனக்குத் தெரியாது. டோங்-ஹுனை வைத்து அவரை எடைபோடுவது அவருக்கும் செய்யும் அநியாயம், அந்தப் பாத்திரத்துக்கும் செய்யும் அநியாயம். நடிகரின் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வருவது கேட்டவர்களைப் பற்றி. 2018இல் ஒரு தேசம் உட்கார்ந்து, ஒரு மனிதனின் தனிப்பட்ட பேச்சை ஒட்டுக்கேட்ட ஒருத்தி அவன் பக்கம் நிற்பதைப் பார்த்து அழுதது. ஐந்து வருடம் கழித்து அதே மனிதரின் நிஜமான தனிப்பட்ட பேச்சு அதே தேசத்தின் காதுக்கு வந்தது. இந்தமுறை கிடைத்தது சில நிமிடத் துண்டு. அதற்கு முன்னும் பின்னும் இருந்த நாட்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசரமும் இல்லை. கொரியர்களை மட்டும் சொல்லவில்லை. இங்கே நானும் அந்தச் செய்தியைத் திறந்து படித்தவன்தான். கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கேட்டதை வைத்து என்ன செய்வது என்று தெரியாதவர்கள் கேட்கக்கூடாது என்று சட்டம் போட முடியாது. காதுக்கு இமை இல்லை. ஆனால் கேட்டபின் எழுந்து போய்விட முடியாது என்பதையாவது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

ஜி-ஆன் என்ற பெயருக்குச் சீன எழுத்துகளில் 'அமைதியை அடைதல்' என்று பொருள். கடைசிக் காட்சியில் டோங்-ஹுனும் ஜி-ஆனும் சோலில் தற்செயலாகச் சந்தித்து, கை குலுக்கிப் பிரிகிறார்கள். பிரிந்து நடக்கும்போது, அமைதியை அடைந்துவிட்டாயா என்று அவன் மனதுக்குள் கேட்கிறான். ஆம் என்று அவள் மனதுக்குள் பதில் சொல்கிறாள். கருவி எதுவும் இல்லாமல் கேட்கிறது இருவருக்கும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். "அப்பா, ஒரு தடவ நீங்க போனை வைக்காம விட்டுட்டீங்க. நீங்களும் அம்மாவும் பேசிக்கிட்டத நான் கேட்டுட்டேன்" என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சக்கையைத் துப்பிவிட்டு, "தெரியுமே" என்றார். "எடுத்துப் பாத்தப்ப ஓடிக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் கட் பண்ணேன்."

நான்கு வருடம் அவரும் சொல்லவில்லை. என் குரல் ஏன் மாறியது என்பது அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மூன்றாம் முறையும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். பேசி முடித்ததும் இருவருக்கும் ஒரு சிறிய தடுமாற்றம் வரும். "நீ மொதல்ல வை" என்பார். "நீங்க வைங்கப்பா" என்பேன். யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.